மகனின் கைப்பேசியைக் கண்காணிக்க இலவசச் செயலி போதுமா, பணம் கட்டி வாங்க வேண்டுமா?

மன்னார்குடித் தாய்:

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு வயது 14, ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். என் கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். போன முறை விடுமுறையில் வந்தபோது மகனுக்கென்று ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். பள்ளியிலும் டியூஷனிலும் வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குழுவில்தான் அனுப்புகிறார்கள் என்பதால் நானும் மறுப்புச் சொல்லவில்லை.

சம்பா நடவு நடக்கும் நாட்களில் நான் விடிவதற்கு முன்பே வயலுக்குப் போக வேண்டியிருப்பதால் இரவு 9 மணிக்கே படுத்துவிடுவேன். நடுராத்திரியில் விழித்துப் பார்த்தால் அவன் போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிறது. கேட்டால், “இப்போதுதான் எடுத்தேன்” என்கிறான். காலையில் எழுப்பினால் எழுந்திருப்பதில்லை. காலாண்டுத் தேர்வில் கணக்கில் மதிப்பெண் மிகவும் குறைந்துவிட்டது.

கடைத்தெருவில் ஒரு கைப்பேசிக் கடைக்காரர், ஆண்டுக்கு 3,500 ரூபாய் கட்டினால் ஒரு செயலியைப் போட்டுத் தருவதாகவும், அது இருப்பதே பையனுக்குத் தெரியாது என்றும், அவனுடைய வாட்ஸ்அப் செய்தி, படம், அழைப்பு எல்லாம் என் கைப்பேசிக்கே வந்துவிடும் என்றும் சொல்கிறார். என் கணவர் உடனே வாங்கச் சொல்கிறார். என் தம்பியோ, கூகுளே இலவசமாகக் கொடுப்பது போதும் என்கிறான். பணம் கட்டிப் பயன்படுத்தியவர்களும் இலவசமாகப் பயன்படுத்தியவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

குடந்தை பழுதுபார்ப்பவர்:

சகோதரி, கும்பகோணத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அந்தக் கடைக்காரர் சொன்ன செயலியை எப்படிப் போடுவார்கள் என்பதை மட்டும் முதலில் சொல்கிறேன். அதன் பிறகு வாங்குவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

2020 அக்டோபர் முதல் கூகுள் ஒரு விதியை நடைமுறைப்படுத்தி வருகிறது. பிள்ளைகளைக் கண்காணிக்கும் செயலி பிளே ஸ்டோரில் இருக்கலாம். ஆனால் அது ஒளிந்திருக்கக் கூடாது, தான் இயங்குவதை அறிவிப்பாகத் திரையில் எப்போதும் காட்ட வேண்டும், தன்னை உளவுக் கருவி என்று விளம்பரப்படுத்தக் கூடாது. எனவே “இருப்பதே தெரியாது” என்று ஒருவர் விற்றால், அது பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வருகிறது என்றே பொருள். அதைப் போடுவதற்கு வெளிச் செயலிகளை நிறுவும் அனுமதியைத் திறந்துவிட வேண்டும்; தீய செயலிகளைப் பிடிக்கும் காவலான பிளே புரொடெக்டை அணைக்க வேண்டும்; பிறகு பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக ஆண்ட்ராய்டில் வைத்திருக்கும் அணுகல்தன்மை அனுமதியை அந்தச் செயலிக்குக் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்திகள் 2016 முதல் இரு முனைகளுக்கு இடையே மறையாக்கம் செய்யப்பட்டே, அதாவது பிறர் படிக்க முடியாத குறியீடாக மாற்றப்பட்டே போகின்றன என்பதால் வழியில் யாரும் படிக்க முடியாது. ஆகவே இந்தச் செயலிகள் கைப்பேசியின் திரையிலும் அறிவிப்புகளிலும் தெரிவதைப் படித்துத்தான் அனுப்புகின்றன. திரையைப் படிக்கும் ஒன்று வாட்ஸ்அப்பை மட்டும் படித்துவிட்டு நின்றுகொள்ளும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

படித்தது எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. அது நேராக உங்கள் கைப்பேசிக்கு வருவதில்லை. முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்துதான் உங்களுக்கு வருகிறது. இந்தத் தொழிலில் உலக அளவில் பெயர்பெற்ற எம்ஸ்பை என்ற கட்டணச் செயலியின் தரவுகள் 2015, 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் வெளியே கசிந்தன. டீன்சேஃப் என்ற செயலி 2018இல் பிள்ளைகளின் ஆப்பிள் கணக்குக் கடவுச்சொற்களை மறையாக்கம் இல்லாமல், பாதுகாப்பற்ற சர்வரில் வைத்திருந்தது தெரியவந்தது. ஸ்பைஃபோன் நிறுவனத்தையும் அதன் தலைவரையும் இந்தக் கண்காணிப்புத் தொழிலிலிருந்தே அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2021இல் விலக்கி வைத்தது. இவையெல்லாம் பணம் வாங்கிக்கொண்டு செய்தவர்களின் கதைகள் என்பதைக் கவனியுங்கள்.

என் கடைக்கு வந்த ஒரு கைப்பேசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சும்மா இருக்கும்போதே சூடாகிறது, டேட்டா நண்பகலுக்குள் தீர்ந்துவிடுகிறது என்று ஒரு பையன் கொண்டுவந்தான். அணுகல்தன்மைப் பக்கத்தைத் திறந்தால், கைப்பேசியின் சொந்தச் சேவையைப் போல ஒரு பெயரை வைத்துக்கொண்டு ஒரு செயலி முழு அனுமதியோடு உட்கார்ந்திருந்தது. தந்தையை அழைத்துக் கேட்டேன். தாம்தான் போட்டதாகவும், கட்டணம் முடிந்து ஏழு மாதம் ஆகிவிட்டதாகவும் சொன்னார். அவர் பார்ப்பதை நிறுத்திவிட்டார். செயலி மட்டும் அதே அனுமதிகளோடு ஓடிக்கொண்டிருந்தது. நீக்குவதற்கான கடவுச்சொல்லும் அவருக்கு நினைவில்லை. கடைசியில் கைப்பேசியை முழுவதும் அழித்துத்தான் கொடுக்க முடிந்தது. பையனின் பள்ளிப் படங்களும் அதோடு போய்விட்டன.

திருவையாறு ஆசிரியர்:

மேலே எழுதியவர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். உங்கள் தம்பி குறிப்பிடுவது ஃபேமிலி லிங்க் என்று நினைக்கிறேன். கூகுள் அதை 2017இல் கொண்டுவந்தது. கட்டணம் எதுவும் இல்லை. என் மகளுக்கு 11 வயதானபோது போட்டோம். இப்போது இரண்டாம் ஆண்டு நடக்கிறது.

ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை மணி நேரம், எந்தச் செயலிக்கு எவ்வளவு நேரம், இரவு எத்தனை மணிக்குத் திரை பூட்டிக்கொள்ள வேண்டும் என்பவற்றை என் கைப்பேசியிலிருந்தே வைத்துவிடலாம். அவள் புதிதாக ஒரு செயலியை இறக்க முயன்றால் எனக்குக் கேள்வி வரும். நான் சம்மதித்தால்தான் இறங்கும். கைப்பேசி இருக்கும் இடமும் தெரியும். செய்திகளை அது படிக்காது, திரையைப் படம் பிடிக்காது. பெரும்பாலான பெற்றோர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதுவே அதன் நல்ல குணமாகத் தெரிகிறது. உங்கள் வீட்டுச் சிக்கல் இரவுத் தூக்கம் என்றால், அதற்கு இரவுப் பூட்டுதான் மருந்து. அவன் நண்பனுக்கு என்ன எழுதினான் என்பதைப் படிப்பதால் அவன் தூங்கப் போவதில்லை.

குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆபாசத் தளங்களைத் தடுக்கும் வடிகட்டி குரோம் உலாவியில் மட்டுமே வேலை செய்யும். வேறு உலாவி இருந்தால் அந்த வழி திறந்தே இருக்கும். யூடியூபுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால், அந்த ஒரு மணி நேரத்தில் என்ன பார்த்தாள் என்பதை ஃபேமிலி லிங்க் சொல்லாது. மேலும் என் கூகுள் கடவுச்சொல்லை நான் தட்டும்போது என் மகள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்து மனப்பாடம் செய்துகொண்டாள். இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. உங்கள் கூகுள் கடவுச்சொல் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் எந்தச் செயலியும் பயன்படாது. நம் ஊர் வீடுகளில் அந்தக் கடவுச்சொல்லை அமைத்துக் கொடுத்தவர்களே பெரும்பாலும் பிள்ளைகள்தான்.

இன்னொன்று முக்கியம். உங்கள் மகனுக்கு 13 வயது முடிந்துவிட்டதால், ஏற்கெனவே இருக்கும் அவன் கணக்கில் இந்த மேற்பார்வையைச் சேர்க்க அவனுடைய ஒப்புதலும் வேண்டும். அவனுக்குத் தெரியாமல் செய்ய முடியாது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இதே வேலையைச் செய்யும் ஸ்கிரீன் டைம் வசதி 2018 முதல் கைப்பேசியிலேயே இருக்கிறது.

மயிலாடுதுறை இரு பிள்ளைத் தகப்பன்:

கட்டணச் செயலி என்றாலே உளவுச் செயலி என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். பிளே ஸ்டோரிலேயே, பிள்ளைக்குத் தெரியும்படி, முறையாக இயங்கும் கட்டணச் செயலிகள் உண்டு. நான் இரண்டு ஆண்டு பணம் கட்டினேன்.

என் வீட்டில் மகனிடம் ஆண்ட்ராய்டு, மகளிடம் ஐபேட், இருவருக்கும் பொதுவாக ஒரு மடிக்கணினி என்று மூன்று வகைக் கருவிகள் இருக்கின்றன. கைப்பேசியில் நேரம் முடிந்தால் மடிக்கணினிக்குப் போய்விடுவார்கள். எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்து, இன்றைக்கு உனக்கு மூன்று மணி நேரம், எதில் செலவழித்தாலும் சரி என்று சொல்லக்கூடிய வசதி கட்டணச் செயலியில்தான் எனக்குக் கிடைத்தது. வடிகட்டியும் ஓர் உலாவியோடு நின்றுவிடாமல் மற்ற உலாவிகளுக்கும் சேர்ந்து வேலை செய்தது. வாரந்தோறும் மின்னஞ்சலில் அறிக்கை வரும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு உட்கார்ந்து அதைப் படிப்போம். அந்தப் பழக்கத்துக்காகவே அந்தப் பணம் தகும் என்று நினைத்தேன்.

சிக்கல்களும் இருந்தன. சில நிறுவனங்களின் ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவிடுகின்றன. பணம் கட்டியும் பத்து நாள் என் மகனின் கணக்கில் ஒன்றுமே பதிவாகவில்லை. அமைப்புகளில் அந்தச் செயலிக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி, தானாகத் தொடங்கும் அனுமதியைக் கொடுத்த பிறகே சரியானது. வாங்கியவுடன் இதைச் செய்யுங்கள். அழைப்பு, குறுஞ்செய்தி ஆகியவற்றைப் பார்க்கும் அனுமதியை 2019 முதல் கூகுள் இறுக்கிவிட்டதால், விளம்பரத்தில் சொல்லும் எல்லா வசதியும் பிளே ஸ்டோர் பதிப்பில் இருக்கும் என்று நம்பிவிடவும் வேண்டாம்.

எனக்கு மனத்தாங்கல் தந்தது கட்டணம் தானாகப் புதுப்பிக்கப்பட்டதுதான். தானியங்கிப் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தி வந்தும் இருக்கிறது. தாளடி அறுவடை நேரம். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு மழை வருமோ என்று தார்ப்பாயோடு காவல் இருந்த நாளில் அதை நான் கவனிக்கவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்டு நான்கு மின்னஞ்சல் எழுதினேன்; ஒன்றுக்கும் உருப்படியான பதில் வரவில்லை. சந்தா எடுத்த அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி வைத்துவிடுங்கள். எடுத்த காலம் முடியும்வரை செயலி வேலை செய்யும்.

இப்போது மூத்தவனுக்கு 16 வயதாகிவிட்டதால் நிறுத்திவிட்டேன். மன்னார்குடிச் சகோதரிக்கு என் கருத்து: ஒரே பிள்ளை, ஒரே கைப்பேசி, அதுவும் ஆண்ட்ராய்டு என்றால், பணம் கட்டத் தேவையில்லை.

ஒரத்தநாடு குழுத்தலைவி:

நீங்கள் எல்லோரும் பிள்ளைக்குத் தனிக் கைப்பேசி இருக்கும் வீட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் மகளிர் குழுவில் பாதிப் பேர் வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. பகலில் அது அம்மாவிடம் இருக்கும். மாலையில் பிள்ளை வாங்கிக்கொள்ளும். குழுக்கடன் தவணை, கேஸ் பதிவு, ஜிபே எல்லாம் அதில்தான். அந்தக் கைப்பேசியில் ஃபேமிலி லிங்க் போட வழியில்லை, ஏனென்றால் அதிலுள்ள கணக்கு அம்மாவுடையது.

நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். சில கைப்பேசிகளில் இரண்டாவது பயனரை உருவாக்கும் வசதி இருக்கிறது; அங்கே பிள்ளைக்குத் தனி இடம் கொடுத்துவிடலாம். அது இல்லாதவற்றில் திரையைப் பொருத்திவைக்கும் வசதியைப் பயன்படுத்துகிறோம். பாடம் நடக்கும் செயலியைத் திறந்து பொருத்திவிட்டால், பூட்டு எண் தெரியாமல் அதைவிட்டு வெளியே வர முடியாது. அடுத்ததாக, அமைப்புகளில் பிரைவேட் டிஎன்எஸ் என்று ஓர் இடம் உண்டு. ஆண்ட்ராய்டு 9 முதல் எல்லாக் கைப்பேசியிலும் இருக்கிறது. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் குடும்பங்களுக்காக 2020இல் தொடங்கிய இலவச முகவரியை அங்கே எழுதிவிட்டால், எந்த உலாவியில் தேடினாலும் ஆபாசத் தளங்களும் தீங்கான தளங்களும் பெரும்பாலும் திறக்காது. வைஃபை, மொபைல் டேட்டா இரண்டிலும் வேலை செய்யும். விவரம் தெரிந்த பெரிய பிள்ளை அதை மாற்றிவிட முடியும் என்பது உண்மைதான்; எட்டு வயதுப் பிள்ளைக்கு அது போதும்.

இலவசம் என்ற பெயரில் வரும் பூட்டுச் செயலிகளைத் தயவுசெய்து போடாதீர்கள். எங்கள் குழுவில் ஒருவர் போட்டதில், பூட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் விளம்பரம் வந்தது. அந்த விளம்பரமே பிள்ளை பார்க்கக் கூடாததாக இருந்தது.

நன்னிலம் – வளைகுடா:

தாயகத்தில் இருப்பவர்கள் சொல்வது சரிதான். ஆனால் எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். பிள்ளை வாசலில் நிற்பது, யாரோடு வருகிறான், முகம் எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிகிறது. எங்களுக்குத் தெரிவது பச்சைப் புள்ளியும் கடைசியாக வந்த நேரமும் மட்டும்தான். அதனால்தான் மன்னார்குடிச் சகோதரியின் கணவர் எதை வாங்கியாவது பார்க்க வேண்டும் என்று துடிக்கிறார். அவரைத் தவறாக எண்ண வேண்டாம்.

நானும் அப்படித் தேடியவன். கடைசியில் நான் செய்தது இன்ஸ்டகிராமில் என் மகளின் கணக்கோடு என் கணக்கை இணைத்ததுதான். 2025 பிப்ரவரி முதல் இந்தியாவிலும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு டீன் கணக்கு முறை வந்திருக்கிறது. கணக்கு தானாகவே தனிப்பட்டதாகிவிடும், முன்பின் தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது, இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் ஒலிக்காது. 16 வயதுக்குக் கீழ் இருந்தால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் இவற்றைத் தளர்த்த முடியாது. பிறந்த ஆண்டைப் பொய்யாகக் கொடுத்திருந்தால் இந்தக் காவல் எதுவும் கிடைக்காது. என் மகள் கணக்கில் வயது 22 என்று இருந்தது. முதலில் அதைச் சரிபாருங்கள்.

தஞ்சைக் கல்லூரி மாணவி:

அக்கா, நான் கண்காணிக்கப்பட்ட பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இப்போது எனக்கு 19 வயது.

பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது என் அப்பா எந்தச் செயலியும் வாங்கவில்லை. நான் குளிக்கப் போன நேரத்தில் என் வாட்ஸ்அப்பைத் தம் அலுவலகக் கணினியில் இணைத்துக்கொண்டார். இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பட்டியலைத் தற்செயலாகத் திறந்தபோது, நான் பார்த்தே இராத ஒரு கணினியின் பெயர் இருந்தது. கடைசியாகச் செயல்பட்டது அன்று காலை 11 மணி 40 நிமிடம். அந்த நேரத்தில் நான் வகுப்பில் இருந்தேன். தோழியிடம் அப்பாவைப் பற்றி வருத்தப்பட்டு எழுதியவை எல்லாம் அவருக்குத் தெரியும் என்று அப்போதுதான் புரிந்தது. அவர் மீது கோபம் வந்ததைவிட அவமானமாக இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து தோழியின் கைப்பேசியில் இன்னொரு கணக்கு வைத்துக்கொண்டேன்.

அந்தக் கணக்கில்தான் தொல்லை வந்தது. முகம் தெரியாத ஒருவன் என் படத்தை எடுத்து ஆபாசமாக மாற்றி, பணம் கேட்டு மிரட்டினான். மூன்று வாரம் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இரண்டாவது கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்ற பயம்தான் காரணம். கடைசியில் பாபநாசத்தில் இருக்கும் அத்தையிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டாமல், தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான பகுதியில் என்னோடு உட்கார்ந்து புகாரைப் பதிவு செய்தார். 18 வயதுக்குட்பட்டவர்களின் அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுக்க, டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை 2023இல் வந்ததையும் அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். படம் நம் கைப்பேசியை விட்டு வெளியே போவதில்லை. அதன் அடையாளக் குறியீடு மட்டும் போகிறது.

அப்பா என் நன்மைக்காகத்தான் செய்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் படித்துக்கொண்டிருந்த கணக்கில் ஆபத்து வரவில்லை. உங்கள் மகனிடம் 1098 குழந்தைகள் உதவி எண்ணையும், பணம் பறிபோனால் அழைக்க வேண்டிய 1930 எண்ணையும் இப்போதே சொல்லி வையுங்கள்.

திருவாரூர் வழக்குரைஞர்:

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் அனைவரும் குழந்தைகளே. அவர்களின் தரவைக் கையாள, சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதலை நிறுவனம் பெற வேண்டும்; அவர்களின் நடத்தையைத் தொடர்ந்து கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. ஒரு தாய் தம் வீட்டுக்குள், சொந்தக் காரணத்துக்காகச் செய்வதை இச்சட்டம் தொடுவதில்லை. சட்டத்தின் பிடி செயலியை நடத்தும் நிறுவனத்தின் மீதுதான். ஆகவே பணம் கட்டும் முன், விற்கும் நிறுவனத்துக்கு முகவரியும் குறைதீர்க்கும் அலுவலரும் உண்டா என்று பாருங்கள். இரண்டும் இல்லாத ஒன்றிடம் உரிமை கேட்டு எந்தக் கதவையும் தட்ட முடியாது. அந்தச் செயலி உங்கள் மகனின் செய்திகளை மட்டுமல்ல, அவனோடு பேசும் மற்ற வீட்டுப் பிள்ளைகளின் செய்திகளையும் எடுத்துக்கொண்டு போகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

மன்னார்குடித் தாய்:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. தஞ்சைத் தங்கை எழுதியதை என் கணவருக்கு அப்படியே அனுப்பினேன். அன்று முழுவதும் பதில் வரவில்லை. மறுநாள், “கடையில் வாங்க வேண்டாம்” என்று மட்டும் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மகனைத் திண்ணையில் உட்காரவைத்து, அவனை உளவு பார்ப்பதற்காக ஒரு செயலியை விலை பேசியதையும், அதை வேண்டாம் என்று விட்டதையும் மறைக்காமல் சொன்னேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு அவனாகவே கைப்பேசியைத் திறந்து வாட்ஸ்அப் அழைப்புப் பட்டியலைக் காட்டினான். இரவு 11.35, 11.40, 11.32 என்று வரிசையாக அவன் அப்பாவின் பெயர்தான். குவைத்தில் அவருக்கு வேலை முடிவது 9 மணிக்கு. இங்கே அது 11.30. என்னை எழுப்ப வேண்டாம் என்று நினைத்து மகனைத்தான் அழைத்திருக்கிறார். பேசி முடித்த பிறகு தூக்கம் கலைந்து, ஒரு மணி வரை வீடியோ பார்த்திருக்கிறான். அதை அவனே ஒப்புக்கொண்டான்.

அப்போதே அவரை வீடியோ அழைப்பில் கூப்பிட்டு மூவரும் பேசினோம். அவருக்கு அங்கே மாலை 5 மணிக்கு ஓர் இடைவேளை உண்டு, இங்கே 7.30. இனி அந்த நேரத்தில் அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஃபேமிலி லிங்க்கை மகனே படித்துப் படித்து என் கைப்பேசியில் அமைத்துக் கொடுத்தான். கடவுச்சொல்லை மட்டும் அவனைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு நான் மாற்றினேன். இரவு 10 மணிக்குப் பூட்டு. அவன் ஒரு நிபந்தனை வைத்தான். அவன் இருக்கும் இடம் எனக்குத் தெரிவதென்றால், நான் இருக்கும் இடமும் அவனுக்குத் தெரிய வேண்டும் என்றான். நாலரை மணிக்கு இருட்டில் வயலுக்குப் போகிறேன் அல்லவா, அதற்காகவாம். கூகுள் மேப்பில் அதையும் போட்டுக்கொண்டோம்.

ஆசிரியர் ஐயாவிடம் ஒரு சந்தேகம். அவன் கைப்பேசியில் குரோம் தவிர இன்னோர் உலாவி முன்பே இருக்கிறது. அதை நீக்க முயன்றால் நீக்கும் பொத்தானே வரவில்லை. என்ன செய்வது?

திருவையாறு ஆசிரியர்:

அது கைப்பேசி நிறுவனமே போட்டு அனுப்பியதாக இருக்கும், அம்மா, நீக்க வராது. உங்கள் கைப்பேசியில் ஃபேமிலி லிங்க்கைத் திறந்து, மகனின் பெயரைத் தொட்டு, செயலி வரம்புகள் பகுதிக்குப் போனால் பட்டியலில் அந்த உலாவி இருக்கும். அதைத் தடுக்கப்பட்டது என்று மாற்றிவிடுங்கள். மாற்றுவதற்கு முன் மகனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பாடப் பக்கங்கள் ஏதாவது அதில் சேமித்து வைத்திருக்கலாம்.